சுங்கை சிப்புட்: ஐந்து தேர்தல், மூன்று சின்னம்

செந்தூல்_சிப்புட்டான் (இழையைத் தொடங்கியவர்)

வேலை கோலாலம்பூரில், வீடு செந்தூலில், ஓட்டு மட்டும் இன்னும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். என்னை மாதிரி ஆளுங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க, அதான் இங்கேயே கேட்கிறேன்.

டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் அங்க நாடாளுமன்றத்துக்கு 1999ல் முதல் தடவை ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவை எதிர்த்து நின்னார். அவரோட பி.எஸ்.எம். (மலேசிய சோசலிசக் கட்சி) கட்சிக்கு அப்போ பதிவே கிடைக்கல, அதனால ஜ.செ.க.வோட (ஜனநாயக செயல் கட்சி) ராக்கெட் சின்னத்தில். தோல்வி. 2004ல் கெஅடிலான் கட்சியின் கண் சின்னத்தில் நின்னார், பத்தாயிரத்துக்கும் மேல வித்தியாசத்தில் அடி. 2008 மார்ச் 8, அன்னைக்கு சாமிவேலுவுக்கு 72ஆவது பிறந்தநாள் வேற, 1,821 ஓட்டில் ஜெயிச்சார். 2013ல் ம.இ.கா. தேவமணியை 2,793 ஓட்டில் ஜெயிச்சார். இரண்டு தவணை, பத்து வருஷம் மக்களவையில் இருந்தார். 2018ல் தன் கட்சியின் சொந்தச் சின்னமான கைமுட்டியில் நின்னார். கிடைச்சது கிட்டத்தட்ட 1,500 ஓட்டு. மொத்த ஓட்டில் எட்டில் ஒரு பங்கு எடுக்கலைன்னா வைப்புத்தொகை போகும் இல்லையா, அந்தப் பத்தாயிரம் வெள்ளியும் போச்சு.

ஊரில் யாரைக் கேட்டாலும் "டாக்டர் தங்கமான மனுசன்"னுதான் சொல்றாங்க. வருஷா வருஷம் சொத்துக் கணக்கை வெளியில வச்ச ஒய்பி (மக்கள் பிரதிநிதி). அவரைப் பத்தி லஞ்சம் கிஞ்சம்னு ஒரு பேச்சு என் காதில் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவர் கட்டுத்தொகை கூட இல்லாம போனது எப்படி? "அரசியல்னா அப்படித்தான்" அப்படிங்கிற பதில் வேண்டாம்.

---

ஜாலான்_ஈப்போ_பெரியவர்

தம்பி, கேள்வியே தலைகீழா இருக்கு. 2018ல் ஏன் தோத்தார்னு கேட்கிறதுக்கு முன்னாடி 2008ல் ஏன் ஜெயிச்சார்னு கேளுங்க.

2007 நவம்பர் 25ஆம் தேதி இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராப் அமைப்பின் பேரணிக்கு இதே கோலாலம்பூரில் ஆயிரக்கணக்கில் நம்ம ஜனம் திரண்டது. கண்ணீர்ப்புகை, தண்ணிப் பீரங்கி எல்லாம் நடந்து நாலு மாசம்கூட ஆகல, தேர்தல் வந்தது. அந்த அலையில் சுங்கை சிப்புட்டில் யார் நின்னிருந்தாலும் சாமிவேலு ஆட்டம் கண்டிருப்பார். மக்கள் டாக்டருக்குப் போட்டாங்கன்னு சொல்றதைவிட டத்தோ ஸ்ரீ சாமிவேலுவுக்கு எதிராப் போட்டாங்கன்னு சொல்றது சரி.

இன்னொன்னு. அந்தத் தொகுதியை 1959ல் இருந்து 2008 வரைக்கும், 49 வருஷம், இரண்டே பேர்தான் வச்சிருந்தாங்க. முதல்ல துன் சம்பந்தன், 1974ல் இருந்து சாமிவேலு. இரண்டு பேருமே ம.இ.கா. தேசியத் தலைவரா இருந்தவங்க, இரண்டு பேருமே அமைச்சர். அந்த ஊர் ஜனத்துக்கு ஒய்பின்னா மந்திரின்னு பழகிப் போச்சு. கோலாலம்பூருக்கு ஒரு போன் போட்டா ரோடு வரும். டாக்டர் போன் போட்டா என்ன வரும்? எதிர்க்கட்சிக்காரருக்கு ஒன்னும் வராது.

---

லிந்தாங்_மகள்

பெரியவரே, மரியாதையோட சொல்றேன், "யார் நின்னிருந்தாலும்" அப்படிங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

டாக்டர் 1999ல் வானத்தில் இருந்து குதிக்கல. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் நிபுணரா இருந்த காலத்துக்கும் முன்னாடி இருந்தே அவரும் அவர் மனைவி ராணியும் அலைகள்னு ஒரு அமைப்பு வழியா தோட்டத்துக்குள்ள வந்து போயிட்டு இருந்தாங்க. தோட்டத்தை வித்ததும் லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வரும், தெரியும்ல. எங்க லயத்துக்கும் வந்தது. மலாயில் டைப் அடிச்ச ஒரு தாள். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. தோட்டத்துக் கிராணி (கணக்கர்) வந்து "இங்க ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்"னு விரலை வச்சுக் காட்டினார். தாளின் அடியில் "எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை" அப்படிங்கிற வரி இருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? கோயில் பக்கத்துக் கொட்டகையில் உட்கார வச்சு வரி வரியாப் படிச்சுத் தமிழில் சொன்னது அந்த அலைகள் அமைப்பு இளைஞர்கள்தான். பணிநிறுத்தச் சலுகைன்னு சட்டத்தில் ஒன்னு இருக்கு, வருஷத்துக்கு இத்தனை நாள் சம்பளம்னு கணக்கு இருக்குன்னு அன்னைக்குத்தான் எங்க அம்மா முதல் தடவை கேள்விப்பட்டாங்க.

அந்த வேலைக்கு ஓட்டு உடனே வரல. 1999லயும் வரல, 2004லயும் வரல. ஆனா 2008 அலை அடிச்சப்போ "இவரை நமக்குத் தெரியும்"னு சொல்ல ஊரில் ஆள் இருந்தது. இல்லாட்டி 1,821 எங்கிருந்து வரும்?

---

கெப்போங்_குமார்

தெரியும், தெரியும். அந்தத் தெரிஞ்ச ஜனம்தான் 2018ல் 1,500 போட்டுச்சு. 😀

---

வக்கீல்_வாணி_பங்சார்

குமார், கொஞ்சம் பொறுங்க. "எதிர்க்கட்சிக்காரருக்கு ஒன்னும் வராது"ன்னு பெரியவர் போற போக்கில் சொல்லிட்டார். எனக்கு அதுதான் இந்த இழையில் முக்கியமான இடம்.

2018க்கு முன்னாடி தொகுதிச் சேவைக்குன்னு கூட்டரசு தரும் சிறப்பு ஒதுக்கீடு ஆளுங்கட்சி உறுப்பினர் தொகுதிக்குத்தான் அவர் வழியாப் போகும். டாக்டர் அதை விடல. சுங்கை சிப்புட்டில் உள்ள பள்ளிக்கும் ஏழைங்களுக்கும் பணம் கேட்டு முறைப்படி விண்ணப்பம் போட்டார், கிடைக்காததும் கோர்ட்டுக்குப் போனார். வரி கட்டுறது எல்லாத் தொகுதி மக்களும், பணம் மட்டும் கட்சி பார்த்தா வரும் அப்படிங்கிறதுதான் சாரம். கீழ்க்கோர்ட்டில் இருந்து மேலே வரைக்கும் போய்ப் பார்த்தார், ஜெயிக்கல. அது அரசாங்கம் முடிவு பண்ற விஷயம், கோர்ட் உள்ளே நுழையாதுன்னு முடிஞ்சது. நாங்க சட்டம் படிக்கிற பசங்களுக்கு அந்த வழக்கைச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு எம்.பி. தோத்த வழக்கு பாடமா இருக்கிறது அதிகம் நடக்கிறதில்லை.

அடுத்தது சாக்கடை. நாடாளுமன்ற உறுப்பினர் வேலை சட்டம் இயற்றுறது, வரவு செலவைக் கேள்வி கேட்கிறது. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை எல்லாம் நகராண்மைக் கழகம், சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார். ஆனா நம்ம நாட்டில் 1965ல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வச்சாங்க, அப்புறம் 1976 சட்டத்தோட அது ஒரேயடியாப் போச்சு. கவுன்சிலர் எல்லாம் மாநில அரசு நியமிக்கிற ஆள். நீங்க ஓட்டுப் போட்டு ஆளை மாத்த முடியாத இடத்தில் சாக்கடை அடைச்சா யார்கிட்ட போவீங்க? ஓட்டுப் போட்ட ஆள்கிட்டத்தான். அதனால ஒய்பி சேவை மையம் காலையில் திறந்தா அடைச்ச சாக்கடை, சிவப்பு ஐ.சி. (நிரந்தரவாசி அடையாள அட்டை), சமூகநல உதவி, மகனுக்குக் காலேஜ் இடம்னு வரிசை நிக்கும். ஆளுங்கட்சி ஒய்பி ஒரு கடிதத்தில் முடிக்கிறதை எதிர்க்கட்சி ஒய்பி பத்துக் கடிதம் எழுதி முடிக்கணும்.

டாக்டர் அந்த வரிசையையும் பார்த்தார், சபையிலும் பேசினார். மருத்துவச் சேவையைத் தனியார்மயமாக்குறது, டி.பி.பி.ஏ. (பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம்) ஒப்பந்தத்தால் மருந்து விலை ஏறுறது, ஜி.எஸ்.டி. (பொருள் சேவை வரி), ஒராங் அஸ்லி (பூர்வகுடி மக்கள்) நிலம், தோட்டத் தொழிலாளர் வீடு. இதெல்லாம் ஹன்சார்டில் (சபைப் பேச்சுப் பதிவில்) இருக்கு. சிக்கல் என்னன்னா ஹன்சார்டைப் படிச்சுட்டு யாரும் ஓட்டுப் போட மாட்டாங்க.

---

பட்டர்வொர்த்_பாலா

பினாங்குப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. வாணி சொன்ன அதிகாரக் கணக்குக்கு எங்க ஊரில் கண் முன்னாடி உதாரணம் இருக்கு.

2008ல் ஜ.செ.க. பேராசிரியர் இராமசாமி பத்து காவான் நாடாளுமன்றம், பிறை சட்டமன்றம் இரண்டுலயும் நின்னு இரண்டையும் ஜெயிச்சார். பத்து காவானில் அவர் சாய்ச்சது சாமானிய ஆளை இல்ல, அதுவரைக்கும் பினாங்கு முதலமைச்சரா இருந்த டான் ஸ்ரீ கோ சூ கூனை. அப்புறம் இரண்டாம் துணை முதலமைச்சர் ஆனார், இந்தியர் ஒருத்தர் அந்தப் பதவிக்கு வந்தது நாட்டிலேயே அதுதான் முதல். 2013ல் நாடாளுமன்ற இடத்தை விட்டுட்டார், அங்க கஸ்தூரி பட்டு நின்னு ஜெயிச்சாங்க. பேராசிரியர் பிறையை மட்டும் வச்சுக்கிட்டு 2023 வரைக்கும் இருந்தார்.

ஏன் அப்படி? நிலம் மாநில அதிகாரம். தமிழ்ப்பள்ளி நிலமா, கோயில் நிலமா, தோட்டத்தை வித்தா வீட்டு மனையா, எல்லாம் மாநிலத்தில்தான் முடியும். கோலாலம்பூரில் 222 பேரில் ஒருத்தரா உட்கார்ந்து கேள்வி கேட்கிறவரைவிட மாநில அரசு இருக்கிற கொம்தார் கட்டடத்தில் ஆட்சிக்குழுவில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கை நீளம். டாக்டருக்குப் பேராக்கில் அந்தக் கை கிடைக்கல. 2008ல் பேராக் மாநிலத்தை எதிர்க்கட்சிகளின் மக்கள் கூட்டணி பிடிச்சும் 2009லயே ஆட்சி கவிழ்ந்துபோச்சு.

ஆனா அதிகாரம் இருந்தாலும் கடைசியில் கட்சிதான். 2023ல் பேராசிரியருக்கே சீட்டு இல்லைன்னு ஆச்சு, கட்சியை விட்டு வெளியே வந்தார்.

---

ஜாலான்_ஈப்போ_பெரியவர்

அப்பாடா, அதிகாரம் வேணும்னு இப்போ ஒத்துக்கிறீங்க. நான் சொன்னா மட்டும் "பழைய ம.இ.கா. ஆளு"ன்னு முகத்தைச் சுளிப்பீங்க.

சாமிவேலு யாரு? தோட்டத் தொழிலாளி மகன். வேலை பார்த்துக்கிட்டே படிச்சு கட்டடக் கலைஞர் ஆனவர், வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிச்ச குரல். எட்டுத் தேர்தல் தொடர்ந்து ஜெயிச்சவர். கெடாவில் அவர் தலைமையில் ம.இ.கா. கட்டின ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நிக்குது, அதில் டாக்டரான நம்ம பிள்ளைங்க எத்தனை பேர் இப்போ கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் இருக்காங்க? ம.இ.கா. தொடங்கின மைக்கா ஹோல்டிங்ஸ் முதலீட்டு நிறுவனம் தோல்விதான், மறைக்கல. 10 கோடியே 60 லட்சம் வெள்ளி ஜனங்ககிட்ட திரட்டினாங்க, பங்குச் சந்தைக்கே வராம 2010ல் ஒரு பங்கு 80 சென்னுக்குக் கைமாறி முடிஞ்சது. அது அவர் கணக்கில்தான் எழுதணும். ஆனா அதை மட்டும் எழுதக்கூடாது.

சம்பந்தனை எடுத்துக்கோங்க. வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டா வித்துட்டுப் போனப்போ 1960ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளிகிட்ட மாசம் பத்து வெள்ளி வாங்கித் தோட்டத்தையே வாங்கினார். பிரிக்பீல்ட்ஸில் அவர் பேரில் இருக்கிற ரோட்டில் நடக்கிறவங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. அதிகாரத்துக்குள்ள உட்கார்ந்து செஞ்ச வேலை தம்பி அது. வெளியே நின்னு பதாகை பிடிச்சு நடந்தது இல்ல.

---

லிந்தாங்_மகள்

பதாகை பிடிச்சதுக்கு என்ன கிடைச்சதுன்னு சொல்றேன். 2011 ஜூனில் பினாங்குப் பக்கம் பி.எஸ்.எம். ஆளுங்க போன பஸ்ஸை மறிச்சு முப்பது பேர் வரைக்கும் பிடிச்சாங்க. அதில் டாக்டரோட சேர்த்து ஆறு பேரை அவசரகாலச் சட்டத்தில் உள்ளே வச்சாங்க. மே 13 இனக்கலவரத்துக்கு அப்புறம் 1969ல் போட்ட சட்டம், விசாரணையே வேண்டாம். நாட்டின் மாமன்னருக்கு எதிரா யுத்தம் தொடுக்கப் பார்த்தாங்கன்னு கதை கட்டினாங்க. பதவியில் இருக்கிற ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் உள்ளே உண்ணாவிரதம் இருந்தார். ஜூலை கடைசியில் விட்டாங்க. அதே வருஷக் கடைசியில் அந்த அவசரகாலச் சட்டத்தையே அரசாங்கம் விலக்கிக்கிச்சு.

அதிகாரத்துக்குள்ள இருந்த நம்ம ஆளுங்க அத்தனை வருஷமா அந்தச் சட்டத்தைத் தொட்டாங்களா பெரியவரே?

---

மட்டுறுத்துநர்

சூடு போதும். ஆளைத் தாக்காமல் எழுதுங்கள். பெரியவரின் கட்சியைப் பற்றி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

செந்தூல்_சிப்புட்டான்

நல்ல வேளை, நான் கேட்ட இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா வர்றோம். என் வீட்டுக் கதையைச் சொல்றேன்.

என் அம்மாவுக்குப் படிப்பு இல்ல. 2008ல் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய காலண்டர் தாளுக்குப் பின்னாடி நீலக் கலரில் கண் சின்னத்தை வரைஞ்சு காட்டினேன். "டாக்டர்னா கண்ணு. தராசைப் பார்க்காதீங்க, கண்ணைத் தேடுங்க." தராசு, ம.இ.கா. இருந்த பாரிசான் கூட்டணியோட சின்னம். அம்மா கண்ணைப் பிடிச்சுக்கிட்டாங்க. 2013லயும் கண்ணுதான். அப்போ நம்ம ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் படம் கிடையாது, பேரும் சின்னமும் மட்டும்தான்.

2018 மே 9, புதன்கிழமை. விடிகாலையில் காடியை எடுத்து ஊருக்குப் போனேன். அம்மாவை நாற்காலியில் உட்கார வச்சு வரிசையில் விட்டேன். வெளியே வந்ததும் "போட்டாச்சா?"ன்னேன். "போட்டாச்சு, டாக்டருக்குத்தான். கண்ணு இரண்டாவதா இருந்தது"ன்னாங்க.

அந்தத் தேர்தலில் தீபகற்பத்தில் எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தானின் கட்சிகள் எல்லாமே கண் சின்னத்தில்தான் நின்னுச்சு. சுங்கை சிப்புட்டில் கண்ணு கெஅடிலான் வேட்பாளர் கேசவனுக்கு. டாக்டருக்குக் கைமுட்டி. அவரையே ஜெயிக்க வச்ச சின்னம் அவருக்கு எதிரா நின்னது. அம்மாகிட்ட நான் ஒன்னும் சொல்லல.

இது என் அம்மா ஒருத்தரோட நின்னிருக்காதுன்னு எனக்குத் தோணுது. பத்து வருஷம் கண்ணைக் காட்டிப் பழக்கிட்டு பதினோரு நாள் பிரச்சாரத்தில் முட்டியைக் காட்டினா எத்தனை பேர் மனசில் ஏறும்?

---

வக்கீல்_வாணி_பங்சார்

சிப்புட்டான், அம்மா கதை மனசைத் தொட்டது. ஆனா அதை வச்சுக் கணக்கை மூட முடியாது. காரணம் நீங்க குடியிருக்கிற செந்தூலிலேயே இருக்கு.

அதே 2018, கோலாலம்பூரின் பத்து (Batu) தொகுதி. வேட்புமனு நாளில் கெஅடிலான் வேட்பாளர் தியான் சுவாவின் மனுவை நிராகரிச்சுட்டாங்க. கெஅடிலானுக்கு ஆளே இல்ல. கண் சின்னமே சீட்டில் இல்ல. சுயேச்சையா மனு போட்டிருந்த 22 வயசுப் பையன் பிரபாகரனைக் காட்டி "இவர்தான் நம்ம ஆள்"னாங்க. ஊருக்கு அவரை யாருன்னே தெரியாது. பதினோரு நாளில் ஜனம் அந்தப் புதுச் சின்னத்தைத் தேடிப் பிடிச்சு, இருபத்து நாலாயிரத்துக்கும் மேல வித்தியாசத்தில் ஜெயிக்க வச்சது. நாட்டிலேயே வயசு குறைஞ்ச எம்.பி. ஆனார்.

அப்போ செந்தூலில் புதுச் சின்னத்தைக் கண்டுபிடிச்ச ஜனத்துக்குச் சுங்கை சிப்புட்டில் கைமுட்டி ஏன் தெரியல? தெரிஞ்சிருக்கும். அணி எங்க கை காட்டுச்சோ அங்க போட்டாங்க. அந்த வருஷம் பிரதமர் நஜிப் அரசாங்கத்தை மாத்தணும் அப்படிங்கிறது ஒன்னுதான் ஓட்டு. டாக்டருக்குப் போட்டா அந்த ஓட்டு பிரிஞ்சு தேவமணி ஜெயிச்சிடுவார்னு பயம். பி.எஸ்.எம். பக்காத்தானில் உறுப்புக் கட்சி இல்ல, பேச்சும் படியல. அதோட தொகுதியில் இந்தியர் ஓட்டு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான். மீதி மலாய்க்காரரும் சீனரும் ஒராங் அஸ்லியும். இந்த இழையில் அவங்களைப் பத்தி யாருமே பேசல, கவனிச்சீங்களா? நம்ம தொகுதி, நம்ம தொகுதின்னு பேசுறோம்.

---

கெப்போங்_குமார்

அப்போ நல்லவர், கெட்டவர், சேவை, ஹன்சார்டு எல்லாம் எதுக்கு? ஒரு துடைப்பக்கட்டையை நிறுத்தி அணி கை காட்டினா போதும்.

---

பட்டர்வொர்த்_பாலா

அலை அடிக்கிற வருஷம் அப்படித்தான். ஆனா நெருக்கமான போட்டியில் ஆள் முக்கியம். 2008ல் 1,821 அப்படிங்கிறது தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் மனசு மாறினா கவிழ்ந்திருக்கும். லிந்தாங் அக்கா சொன்ன கொட்டகைக் கூட்டம் அந்த இடத்தில்தான் வேலை செஞ்சிருக்கு. 2013லயும் அப்படித்தான். தேவமணி லேசான ஆள் இல்ல, கேமரன் மலையில் எம்.பி.யா இருந்துட்டு வந்தவர்.

---

ஜாலான்_ஈப்போ_பெரியவர்

பாலா சொல்றதில் நியாயம் இருக்கு. 2022ஐயும் சேர்த்துக்கோங்க. எங்க தேசியத் தலைவர் விக்னேஸ்வரனே போய் நின்னும் கேசவன்தான் ஜெயிச்சார். தலைவர் நின்னா தொகுதி திரும்பும்னு நானும் நினைச்சேன், திரும்பல. சம்பந்தன் காலத்துக் கணக்கு அங்க இனிமே செல்லாது. அதுக்காக டாக்டர் கணக்கு செல்லும்னும் நான் சொல்ல மாட்டேன்.

---

கெப்போங்_குமார்

சரி, சுத்தி வளைக்க வேண்டாம். அடுத்த தேர்தலில் டாக்டர் திரும்ப சுங்கை சிப்புட்டில் கைமுட்டியில் நின்னா போடுவீங்களா? ஆமா, இல்ல, அவ்வளவுதான்.

---

லிந்தாங்_மகள்

ஆமா.

---

ஜாலான்_ஈப்போ_பெரியவர்

இல்ல. ஆனா வீட்டுக்கு வந்தா காப்பி உண்டு.

---

வக்கீல்_வாணி_பங்சார்

எனக்கு ஓட்டு கோலாலம்பூரின் லெம்பா பந்தாய் தொகுதியில். தப்பிச்சேன்.

---

செந்தூல்_சிப்புட்டான்

எத்தனை முனைப் போட்டின்னு முதல்ல சொல்லுங்க.

---

கெப்போங்_குமார்

இழையைத் தொடங்கினதே நீங்கதானே ஐயா! 😀